கலவன் பள்ளிக்கூடத்தில் என் மகள் பின்னுக்குப் போய்விடுவாளா?

யாழ்ப்பாணத்தில் மாதகல் பக்கமிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிட்டாள். ஆனால் நினைத்திருந்த நகரப் பள்ளிக்கூடத்தின் வெட்டுப்புள்ளிக்கு நான்கு புள்ளி குறைவு. ஊர் மகா வித்தியாலயத்தில் ஆறாம் வகுப்புக்கு இடம் இருக்கிறது. "அது கலவன் பள்ளிக்கூடம், எல்லா விதமான பிள்ளையளும் வருகினம், இவள் கெட்டுப்போவாள் எண்டு மாமி பயப்படுத்துறா. ஒருவர் மூன்று லட்சம் தந்தால் நகரத்தில் இடம் எடுத்துத் தாறன் எண்டுறார். நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். என்ன செய்யலாம் ஐயா?"

தங்கச்சி, முதலில் அந்த மூன்று லட்சத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அந்த ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். இவர்களின் தொழிலை முப்பது வருடம் பார்த்தவன் நான். புலமைப்பரிசில் முடிவு வந்தவுடன், இரண்டு மூன்று புள்ளி குறைந்த பத்து வீட்டுக்குப் போவார்கள். பத்துப் பேரிடமும் காசு வாங்குவார்கள். பிறகு சும்மா இருப்பார்கள். மேன்முறையீட்டிலோ, யாராவது வராமல் விட்ட வெற்றிடத்திலோ இரண்டு பிள்ளைக்குத் தானாகவே இடம் கிடைக்கும். அது தன்னால் நடந்தது என்று சொல்லி அந்தக் காசை வைத்துக்கொள்வார்கள். மற்ற எட்டுப் பேருக்கும் "செலவு" கழித்து மிச்சத்தைத் தவணை தவணையாகத் திருப்புவார்கள், அதுவும் நீங்கள் பத்துத் தரம் நடந்தால். லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்பதால் நீங்கள் பொலிசுக்கும் போக மாட்டீர்கள் என்று அவருக்குத் தெரியும். மாவட்ட வெட்டுப்புள்ளி உதவிப்பணத்துக்கு, பள்ளிக்கூட வெட்டுப்புள்ளி அனுமதிக்கு என்ற வித்தியாசம் பெற்றோருக்கு விளங்காததில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். அதை நாலு வரியில் பெறுபேற்றோடு அச்சடித்துக் கொடுத்தாலே பாதிப் பேர் தப்பிவிடுவார்கள்.

இனி "கலவன்". ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பதைச் சொல்கிறீர்கள் என்றால், அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மாமி சொன்னது அதையில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவ சொன்னது யார் யாரோடு ஒரே வாங்கில் இருப்பது என்பதை: கரையோரத்துப் பிள்ளை, தோட்டக்காரர் பிள்ளை, 1990இல் போரில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து முகாம்களில் வளர்ந்தவர்களின் பிள்ளை, சைவம், வேதம், சொல்லாமல் சொல்கிற சாதி. 1920களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனம் கேட்டபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பில் நிலத்தில் இருந்துதான் படித்தார்கள். எல்லோருக்கும் ஒரே வாங்கு என்று அரசாங்கம் உத்தரவு போட்டபோது இங்கே சில பள்ளிக்கூடங்கள் எரிந்தன. மாமியின் பயம் அந்தக் காலத்தது. அதை உங்கள் மகளின் புத்தகப் பையில் வைத்து அனுப்ப வேண்டாம்.

ஆனாலும் உங்கள் கேள்வி நியாயமானது: அங்கே படிப்பு நடக்குமா? இதை எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்கிறேன். ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைகளின் படத்தோடு மதிலில் தொங்குகிற 9ஏ பனரைப் பார்க்காதீர்கள். நூறு வீதச் சித்தி என்று சொல்வதையும் நம்பாதீர்கள். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஆறாம் வகுப்பில் 60 பிள்ளைகள் சேர்ந்தார்கள். பதினோராம் வகுப்பில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சைக்கு 41 பேர்தான் தோற்றினார்கள், 33 பேர் சித்தி. பள்ளிக்கூடம் எண்பது வீதம் என்று பனர் அடிக்கும். சேர்ந்த பிள்ளைகளை வைத்துப் பார்த்தால் ஐம்பத்தைந்து வீதம். அந்த 19 பேரும் எங்கே? சிலர் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள். மிச்சப் பேரின் தாய்மாரை ஒன்பதாம் வகுப்பில் கூப்பிட்டு, "இவன் படிக்க மாட்டான், விடுகைப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போங்கோ" என்றிருப்பார்கள். 16 வயது வரை பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இதைச் செய்கிற இடங்களில் பேர்பெற்ற பள்ளிக்கூடங்களும் உண்டு. ஆகவே அதிபரிடம் இந்த இரண்டு எண்ணைக் கேளுங்கள்: ஆறில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதே பிள்ளைகளில் பதினொன்றில் எத்தனை பேர் இருந்தார்கள். நல்ல அதிபருக்கு அது வாயிலேயே இருக்கும், போன பிள்ளைகளின் பேரோடு.

நான் ஆசிரிய ஆலோசகராக இருந்தபோது ஒரு கரையோரப் பள்ளிக்கூடத்துக்குக் கணிதம் பார்க்கப் போனேன். நேரசூசியில் ஆறு, ஏழு வகுப்புகளுக்குக் கணிதம் முதலாம் பாடவேளையில் இல்லை, மூன்றாவதில் இருந்தது. விடியப் பிள்ளைகளின் மூளை தெளிவாக இருக்கும், ஏன் மாற்றினீர்கள் என்று அதிபரைக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வரவு இடாப்பை விரித்தார். காலை ஏழரைக்குப் பிந்தி வந்தவர்களுக்குச் சிவப்புப் பேனையால் ஒரு சின்னப் புள்ளி. ஒரே ஒன்பது பேருக்கு வாரத்தில் நாலு நாள் சிவப்புப் புள்ளி. விடியக் கரைக்குப் போய் வலையிலிருந்து மீன் கழட்டிக் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளைகள். முதலாம் பாடவேளையைச் சித்திரத்துக்கும் உடற்கல்விக்கும் கொடுத்தபின் அந்த ஒன்பது பேரும் கணிதத்துக்கு வகுப்பில் இருந்தார்கள். ஆறாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாமல் வந்த ஐந்து பேரை ஒரு ரீச்சர் இடைவேளைக்குப் பிறகு வேப்பமரத்தடியில் வைத்து வாசிப்பித்துக்கொண்டிருந்தார். நான் நின்ற நேரத்தில் ஒரு பொடியன் "கிணற்றடி" என்ற சொல்லை மூன்று தரம் எழுத்துக்கூட்டி நாலாம் தரம் ஒரேயடியாகச் சொன்னான். அவன் முகத்தை இன்றைக்கும் நினைவிருக்கிறது. அந்த வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளும் இருந்தார்கள், அவர்கள் ஒருவரும் பின்னுக்குப் போகவில்லை. கடைசி வாங்கில் இருப்பவனுக்கு ஒரு பின்னத்தை விளங்கப்படுத்தத் தெரிந்த ஆசிரியரிடம்தான் உங்கள் மகளும் பின்னத்தை ஒழுங்காகப் படிப்பாள். ரியூசனில் படித்து வந்த முன்வாங்குப் பிள்ளைகளுக்கு மட்டும் பாடம் நடத்துகிற ஆசிரியர் நகரத்தில் இருந்தாலும் அவளுக்குப் பிரயோசனம் இல்லை.

வேதக்காரர் என்று எழுதினீர்களே, அதை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடம். தமிழ், கணிதம், விஞ்ஞானம், வரலாறு, ஆங்கிலம் போல அதுவும் ஒன்று. சைவப் பிள்ளைகள் கூடிய பள்ளிக்கூடத்தில் சைவநெறிக்கு ஆசிரியர் இருப்பார். கத்தோலிக்கத்துக்கு இருப்பாரா என்பது சந்தேகம். நாலு பிள்ளைக்கு ஓர் ஆசிரியரை வலயக் கல்வி அலுவலகம் தராது. அப்போது அந்தப் பிள்ளைகள் சமயப் பாடவேளையில் நூலகத்தில் சும்மா இருப்பார்கள், அல்லது சைவநெறி வகுப்பிலேயே பின்னால் இருப்பார்கள், பதினோராம் வகுப்பில் ஞாயிறு மறைக்கல்வியை நம்பிப் பரீட்சை எழுதுவார்கள். மறைக்கல்வி வேறு, பரீட்சைப் பாடத்திட்டம் வேறு. ஆகவே "சமயத்துக்கு ரீச்சர் இருக்கிறாவோ" என்று மட்டும் கேட்டால் "ஓம்" என்பார்கள். கத்தோலிக்கத்துக்கு யார், வாரத்தில் எத்தனை பாடவேளை, போன வருடம் எத்தனை பிள்ளைகள் அந்தப் பாடத்துக்குத் தோற்றினார்கள் என்று பிரித்துக் கேளுங்கள். ஆசிரியர் இல்லையென்றால் பங்குத்தந்தையையும் அதிபரையும் ஒரே மேசையில் இருத்தி, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் ஒருவரை ஒழுங்குசெய்யலாமா என்று கேளுங்கள். ஆறாம் வகுப்பிலேயே கேட்டால் நடக்கும். பத்தாம் வகுப்பில் கேட்டால் காலம் போய்விடும்.

ஒரு உண்மையையும் மறைக்கக்கூடாது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர் தவணை நடுவில் இடமாற்றம் பெற்றுப் போகலாம், பதிலாள் வர இரண்டு தவணை செல்லலாம். இதே விஷயத்துக்கு ஒரு அலுவலகத்துக்கு நான் ஒரே வருடத்தில் ஏழு கடிதம் எழுதினேன். ஆசிரியர் வரவில்லை, ஸ்மார்ட் போர்ட் ஒன்று வந்து இறங்கியது. அதைப் போட்டுக் காட்டவும் ஆள் இல்லை. இப்படி நடந்தால் பெற்றோர் ஐந்து பேராவது சேர்ந்து கையெழுத்து வைத்து வலயக் கல்விப் பணிப்பாளரிடம் நேரில் கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தனிக் கடிதத்தைக் கோவையில் போட்டு மூடிவிடுவார்கள்.

உயர்தரத்தில் விஞ்ஞானம் இல்லாத 1சி பள்ளிக்கூடமென்றால் அதற்கும் இப்போது கவலை வேண்டாம். பதினோராம் வகுப்பு முடிய, பெறுபேற்றோடு உயர்தர விஞ்ஞானம் உள்ள 1ஏபி பள்ளிக்கூடத்துக்கு மாறலாம். அதுவரைக்கும் மாதகலிலிருந்து நகரத்துக்கு ஏறி இறங்குகிற பஸ் நேரம் அவளுக்கு நித்திரையாகவும் விளையாட்டாகவும் மிஞ்சும்.

அடுத்த கிழமை ஒரு நாள் காலை ஏழு இருபதுக்கு அந்தப் பள்ளிக்கூடத்துக் கேற்றடியில் போய் நில்லுங்கள். பிந்தி வருகிற பிள்ளையை வெயிலில் நிற்பாட்டி வைக்கிறார்களா, பேரைக் கேட்டு உள்ளே விடுகிறார்களா என்று பாருங்கள். பிறகு அதிபரிடம் போய் அந்த இரண்டு எண்ணையும் கத்தோலிக்க ஆசிரியரையும் கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் அன்றைக்கே படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.