மெல்லிசை மன்னர் பாட்டுல உங்களுக்கு எது புடிக்கும்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல இசையமைப்பாளர் எம்.எஸ்.விஸ்வநாதன் பத்தி போற போக்குல நாலு வரிதான் எழுதினேன், அதுக்கு வந்த கடிதங்கள பாத்தா மேஜையே நெறஞ்சு போச்சு, அதனால இந்த வாரம் வேற எந்தக் கேள்வியும் இல்ல, முழுக்க அவர்தான்.

கேள்வி: எம்.எஸ்.வி. பாட்டுல ஒண்ணே ஒண்ணுதான் எடுத்துக்கலாம்னா எத எடுப்பீங்க சார்? (கரூர் வாசகர்)

ஒண்ணுன்னு கேட்டா நெஞ்சு அடைக்குது சார். ஆனாலும் கேட்டுட்டீங்க, சொல்றேன். 'மயக்கமா கலக்கமா'. 1962ல வந்த 'சுமைதாங்கி' படம், ஸ்ரீதர் டைரக்‌ஷன், கண்ணதாசன் எழுதி பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடினது. எங்க அப்பா ஒரு மில்லுல வேல பாத்தாரு, அத திடீர்னு ஒருநாள் மூடிட்டாங்க, ரெண்டு மாச சம்பளம் பாக்கி வேற. அன்னைக்கு ராத்திரி திண்ணைல ஒக்காந்து யார்கிட்டயும் பேசாம இருந்தாரு, அம்மா சாப்பிட கூப்பிட்டும் வரல, உள்ள சிலோன் ரேடியோ பாடிட்டு இருந்துச்சு, இந்தப் பாட்டு ஆரம்பிச்சதும் திரும்பிப் பாக்காமயே "கொஞ்சம் சத்தமா வை"ன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. பாட்டு முடிஞ்சதும் எந்திரிச்சு வந்து தட்டுக்கு முன்னாடி ஒக்காந்தாரு. எனக்கு அப்ப ஒம்போது வயசு, இன்னைக்கும் அந்தப் பாட்ட கேட்டா ரசம் வாசனையும் சேந்தே வருது.

அதுல என்ன பண்ணிருக்காருன்னு பின்னால பல வருஷம் யோசிச்சிருக்கேன். ஆறுதல் சொல்ற பாட்டுன்னா கொரல ஒசத்தி தைரியம் சொல்லத்தான் தோணும், ஆனா இதுல யாரும் கொரலயே ஒசத்தல. ஒரு பெரியவரு பக்கத்துல வந்து ஒக்காந்து தோள்ல கை வச்சு, என்னப்பா ஆச்சுன்னு கேக்கற மாதிரி தாழ்வாவே போகுது. கேள்வி கேக்கற வார்த்தைக்கு மெட்டும் கேள்வி மாதிரியே போய் நிக்குது. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நான் எம்.எஸ்.வி. பக்தன். வார்த்தை என்ன மனசுல இருக்கோ மெட்டும் அதே மனசுல இருக்கும்.

கவிஞர் வாலி, சான்ஸ் கெடைக்காம வெறுத்துப் போயி மெட்ராஸ விட்டே கெளம்பிடலாம்னு இருந்தப்ப ஸ்ரீனிவாஸ் இந்தப் பாட்ட பாடிக் காட்டினதாகவும், அதக் கேட்டுதான் போறத நிறுத்தினதாகவும் அவரே பல மேடைல சொல்லிருக்காரு. நெனச்சுப் பாருங்க, கண்ணதாசன் பாட்டு ஒண்ணு வாலிய நமக்குக் குடுத்துருக்கு.

கேள்வி: ராமமூர்த்தியோட சேந்து இருந்தப்ப போட்ட பாட்டுதான் ஒசத்தின்னு எங்க மாமா அடிச்சு சொல்றாரு. சரியா? (திருநெல்வேலி வாசகி)

மாமா சொல்றதுல பாதி ஒத்துக்கறேம்மா. 1952ல 'பணம்' படத்துல ஆரம்பிச்சு 1965ல 'ஆயிரத்தில் ஒருவன்' வரைக்கும் விஸ்வநாதன் – ராமமூர்த்தின்னு ரெண்டு பேரும் சேந்து போட்டது ஒரு பொற்காலம்தான். 'பாசமலர்', 'ஆலயமணி', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை', இதுல எத தள்ளி வைக்க முடியும்? 'புதிய பறவை'ல 'பார்த்த ஞாபகம் இல்லையோ' ரெண்டு தடவ வரும், ரெண்டுமே சுசீலாம்மாதான், மெட்டும் ஒண்ணுதான். மொதல்ல ஆள இழுக்கற மாதிரி துள்ளலா, பின்னால சோகமா. ராத்திரி லைட்ட அணைச்சிட்டு ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க, ஒரே மெட்டுக்குள்ள ரெண்டு பொண்ணுங்க இருக்கற மாதிரி தெரியும்.

ஆனா பிரிஞ்சதுக்கு அப்புறம் கொறஞ்சு போச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க, எனக்குத் தாங்காது. 'உயர்ந்த மனிதன்' (1968) 'அந்த நாள் ஞாபகம்' எடுத்துக்கோங்க. வயசான ரெண்டு சிநேகிதங்க பழைய கதைய பேசி ஓடறாங்க, மூச்சு வாங்குது, அந்த மூச்சையே பாட்டாக்கிட்டாரு. பாடகர் டி.எம்.எஸ். (டி.எம்.சௌந்தரராஜன்) மூச்சு வாங்கிக்கிட்டே பாடுவாரு, நடுவுல மேஜர் சுந்தர்ராஜன் வசனம் பேசுவாரு, மெட்டு எங்கயும் அறுந்து விழல. இப்படி ஒண்ண 1968ல யோசிச்ச மனுஷன் என்னத்த கொறஞ்சாரு சொல்லுங்க. அடுத்த வருஷமே 'சிவந்த மண்'ல 'பட்டத்து ராணி', சவுக்கடி விழற எடத்துல எல்.ஆர்.ஈஸ்வரி கொரலும் அடி வாங்கின மாதிரி துடிக்கும். மாமாவ இந்த ரெண்டையும் ஹெட்போன் போட்டு கேக்க சொல்லுங்க.

கேள்வி: எல்.ஆர்.ஈஸ்வரின்னாலே கிளப் டான்ஸ் பாட்டுதானா? (சேலம் வாசகர்)

இல்லவே இல்ல. 'பாசமலர்' (1961) 'வாராயென் தோழி' பாடினது அவங்கதான், அது பாடாத கல்யாண வீடே நம்மூர்ல கெடையாது. அப்புறம் 'ஆலயமணி'ல 'கல்லெல்லாம் மாணிக்க கல்லாகுமா'. டி.எம்.எஸ். பாட்டுன்னுதான் எல்லாரும் சொல்லுவோம், ஆனா அவரு ஒரு வரி பாடி விட்டதும் வார்த்தையே இல்லாம ஒரு ஹம்மிங் வந்து போகும் பாருங்க, அதுதான் ஈஸ்வரி. அவன் அவ அழக வர்ணிச்சிட்டே இருக்கான், அவ பதிலுக்கு ஒரு வார்த்தை பேசல, வெட்கமும் சந்தோஷமும் எல்லாம் அந்த ஹம்மிங்லயே வந்துருது. டூயட்ல ஒரு ஆளுக்கு வரியே குடுக்காம, ஆனா அந்த ஆள மறக்கவும் முடியாம பண்றதுன்னா அது சாதாரண வேல இல்ல சார்.

கேள்வி: எனக்கு 19 வயசு, பழைய பாட்டு பழக்கமே இல்ல அங்கிள். எங்க இருந்து ஆரம்பிக்கட்டும்? (கோவை கல்லூரி மாணவி)

சந்தோஷமா இருக்கும்மா நீ கேட்டது. மொதல்ல கேக்காத, பாரு. 1964ல வந்த 'சர்வர் சுந்தரம்'ல 'அவளுக்கென்ன அழகிய முகம்' வீடியோ தேடி எடு. அதுல நாகேஷ் ஆடறது ஒரு பக்கம், ரெக்கார்டிங் தியேட்டர் இன்னொரு பக்கம், எம்.எஸ்.வி.யும் டி.எம்.எஸ்.ஸும் நிஜமாவே திரைல வருவாங்க. அந்தக் காலத்துல பாட்டு எப்படி பதிவாச்சுன்னு கண்ணால பாக்கலாம், அத்தன வாத்தியக்காரங்களும் ஒண்ணா ஒரே ஹால்ல ஒக்காந்து, ஒருத்தர் தப்பு பண்ணா எல்லாரும் மறுபடி மொதல்ல இருந்து வாசிக்கணும். அதே வருஷம் 'காதலிக்க நேரமில்லை'ல 'விஸ்வநாதன் வேலை வேண்டும்', ஒன் வயசுக்கு அது ஒடனே புடிச்சிரும்.

அதுக்கப்புறம் 1975க்கு வா, பாலச்சந்தரோட 'அபூர்வ ராகங்கள்'. 'ஏழு ஸ்வரங்களுக்குள்' பாடினதுக்கு வாணி ஜெயராமுக்கு தேசிய விருது கெடைச்சுது. ஆனா நான் ஒனக்கு மெதுவா ஒக்காந்து கேக்க சொல்றது 'அதிசய ராகம்'. யேசுதாஸ் பாடினது. பாலமுரளி கிருஷ்ணா உருவாக்கின மகதிங்கற ராகம் அது, மொத்தம் நாலே ஸ்வரம்தான், அந்த நாலுக்குள்ளயே பாட்டு சுத்தி சுத்தி வரும், கடைசில ஒரு எடத்துல சட்டுனு வேற வீட்டுக்குள்ள காலெடுத்து வச்ச மாதிரி மாறும், அங்க ராகம் பைரவி. கதைல கதாநாயகி பேரும் பைரவி, கண்ணதாசன் வரிலயும் அந்தப் பேரு வருது. ராகம் தெரியாதவங்களுக்குக்கூட அந்த எடம் வந்ததும் ஏதோ கதவு தொறந்தது தெரியும், எனக்கும் ராகம் எல்லாம் தெரியறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது.

கேள்வி: அவர் பாடின பாட்டுல உங்களுக்குப் புடிச்சது? (மதுரை வாசகர்)

பாடகர் கொரல் கெடையாது அது, வயித்துல இருந்து வர்ற கொரல். 'முகமது பின் துக்ளக்'ல 'அல்லா அல்லா', 'நினைத்தாலே இனிக்கும்'ல 'சம்போ சிவசம்போ', ரெண்டுக்கும் எவ்ளோ தூரம் பாருங்க. ஆனா என்ன அழ வச்சது 2002ல ரஹ்மான் இசைல 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்துக்காக பாடின 'விடை கொடு எங்கள் நாடே'. ஈழத்துல ஊர விட்டு கெளம்பற ஜனங்களோட பாட்டு. எழுபது தாண்டின கொரல்ல லேசா ஒரு நடுக்கம் இருக்கும், நல்ல வேள அத யாரும் சரி பண்ணல. ஊர விட்டுப் போற கெழவன் கொரல் அப்படித்தானே இருக்கும். இலங்கைல இருந்து வந்து எங்க தெருவுல தங்கியிருந்த ஒரு அம்மா இந்தப் பாட்ட கடைசி வரைக்கும் கேக்க மாட்டாங்க, பாதிலயே எந்திரிச்சு கொல்லைப்பக்கம் போயிருவாங்க.

கேள்வி: அவருக்கு பத்ம விருது தராதது உங்களுக்கு வருத்தமா? (புதுச்சேரி வாசகர்)

ரொம்ப வருத்தம். 2015 ஜூலை 14ம் தேதி அவரு போற வரைக்கும் ஒரு பத்மஸ்ரீகூட வரல, எத்தன காரணம் சொன்னாலும் என் மனசு சமாதானம் ஆகாது.

கேள்வி: தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டு போட்டது அவரா? என் பையன் நம்ப மாட்டேங்கறான். (தஞ்சாவூர் வாசகி)

அவரேதாம்மா. மனோன்மணியம் சுந்தரனார் எழுதின 'நீராருங் கடலுடுத்த', 1970ல அரசு விழாவுல எல்லாம் பாடணும்னு முடிவானப்ப மெட்டுப் போட்டது எம்.எஸ்.வி. மோகன ராகம், அஞ்சே ஸ்வரம், மூணு மூணா நடக்கற தாளம். டி.எம்.எஸ்.ஸும் சுசீலாம்மாவும் பாடின பதிவுதான் நாம எல்லாம் ஸ்கூல்ல கேட்டு வளந்தது. எந்தப் புள்ளைக்கும் கொரல் எட்டாத எடத்துக்கு அது போகாது, ஒண்ணாங்கிளாஸ் புள்ளையும் பாடும், பாட்டே வராத கணக்கு வாத்தியாரும் பாடுவாரு. பையன்கிட்ட சொல்லுங்க, நாளைக்கு காலைல பிரேயர்ல அவன் பாடப் போறதும் எம்.எஸ்.வி. பாட்டுதான்.