கதவில் நீங்களே தெரிகிறீர்களா? அதற்குப் புது லென்ஸ் தீர்வல்ல

கேள்வி: என்னிடம் கேனான் 1500டி கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் இருக்கின்றன. ஞாயிறு காலையில் ஈ.சி.ஆரில் வந்து நிற்கும் லம்போர்கினி, ஃபெராரி கார்களை உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு படமெடுக்கிறேன். காரின் முன்பக்கம் வீங்கினாற்போல் வருகிறது. கதவில் நானும் எதிர்க்கடை போர்டும் தெரிகிறோம். 70-200 எஃப் 2.8 லென்ஸ் போட்டால்தான் சரியாகும் என்கிறார் கடைக்காரர். பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டும் பொலரைசர் ஃபில்டர் போதும் என்கிறார் நண்பர். எதை வாங்குவது? பணம் கட்டினால் ‘சூப்பர்கார் ஷூட்’டுக்கு அழைத்துப் போவதாக ஒரு குழு சொல்கிறது. போகலாமா?
- வாசகர், சென்னை

பதில்: லென்ஸ் வாங்காதீர்கள். உங்கள் இரண்டு பிரச்சினைகளில் முதலாவது, நீங்கள் நிற்கும் தூரத்தால் வருவது. அதற்குக் காசு செலவில்லை. இரண்டாவதில் பாதியை இடம் மாறி நின்றே தீர்க்கலாம், மீதிக்குத்தான் பொலரைசர்.

முன்பக்கம் வீங்குவது லென்ஸை மிக அகலமாகக் காட்டும் 18 மில்லிமீட்டரில் வைத்து மூன்று மீட்டர் தூரத்தில் நிற்பதால். பக்கத்தில் இருக்கும் ஹெட்லைட் பெரிதாகவும் தள்ளியிருக்கும் பின்சக்கரம் சிறிதாகவும் விழும். லென்ஸை 55-க்குத் திருப்பிவிட்டுப் பின்னால் நடங்கள். லம்போர்கினி ஹுராகான் ஏறக்குறைய நாலரை மீட்டர் நீளம். அதன் முழுப் பக்கவாட்டும் சுற்றிலும் கொஞ்சம் இடத்தோடு ஃப்ரேமில் அடங்க, 55-இல் சுமார் 14 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். முன்மூலையிலிருந்து சாய்வாக எடுக்க 10 மீட்டர் போதும். நின்றபடி கண்மட்டத்தில் எடுக்காதீர்கள். அந்தக் காரின் மொத்த உயரமே 1.17 மீட்டர்தான், நீங்கள் நின்றால் கூரையைத்தான் படமெடுக்கிறீர்கள். ஒரு முழங்காலை ஊன்றி, கேமராவைத் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் அளவுக்கு இறக்குங்கள். முன்சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பச் சொல்லி உரிமையாளரிடம் கேளுங்கள். டயரின் ரப்பர் பட்டை தெரியக் கூடாது, ரிம்மின் முகம் உங்களைப் பார்க்க வேண்டும். நிறைய பேர் மாற்றித் திருப்பிவிடுகிறார்கள்.

இனி கதவு. நல்ல பெயிண்ட் போட்ட கார் ஒரு கண்ணாடி. அதில் நீங்கள் எடுப்பது பாதி கார், பாதி காருக்கு எதிரே இருப்பது. அதனால் காரைப் பார்ப்பதற்கு முன் திரும்பி உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடை போர்டு, மின்கம்பம், வெள்ளைச் சட்டை எல்லாம் கதவில் வரும். கருப்பு அல்லது அடர்சாம்பல் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். சூரியன் உதிப்பதற்கு முந்தைய இருபது நிமிடம்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஆகச் சிறந்த வெளிச்சம். கிழக்கே கடல் பக்கம் வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்காக இருக்கும். கட்டடம் மறைக்காத இடத்தில் காரின் பக்கவாட்டு அந்த வானத்தைப் பார்த்தபடி நின்றால், கதவு நெடுக ஒரே ஒரு வெளிச்சக் கோடு ஓடும். அந்தக் கோடுதான் காரின் வளைவைக் காட்டுகிறது. ஏழரை மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் எந்த லென்ஸும் காப்பாற்றாது.

பொலரைசர் எல்லாப் பிரதிபலிப்பையும் நீக்கும் மந்திரமல்ல. கண்ணாடியிலும் பெயிண்டின் மேல் இருக்கும் கிளியர் கோட்டிலும் வேலை செய்யும்; பளபளக்கும் வெற்று உலோகத்தில் செய்யாது. அதுவும் பரப்பை ஏறக்குறைய 35 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் முழுமையாக வேலை செய்யும். கதவுக்கு நேரெதிரே நின்றுகொண்டு எவ்வளவு திருகினாலும் உங்கள் உருவம் போகாது. கார் முழுக்க வளைவு. பானட் தெளிந்தால் கதவு மங்கும், கதவைச் சரிசெய்தால் முன்கண்ணாடி வெளுக்கும். அதனால் ஒரே படத்தில் முடிக்க நினைக்காமல் மூன்றாக எடுங்கள். கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, மேனுவல் மோடில் எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, ஒரே ஒயிட் பேலன்ஸ், ரா ஃபார்மட், இரண்டு விநாடி டைமர். ஃபில்டரை முன்கண்ணாடிக்கு ஏற்றபடி திருகி ஒன்று, பானட்டுக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று. பிறகு ஜிம்ப் மென்பொருளில் மூன்றையும் அடுக்கி, வேண்டாத பகுதியை மாஸ்க் போட்டு மறைத்துவிடலாம். ஜிம்ப் இலவசம்.

உங்கள் லென்ஸில் ஒரு சிக்கல் உண்டு. 1500டியோடு வரும் 18-55 ஐ.எஸ். 2 லென்ஸில் ஃபோகஸ் ஆகும்போது முன்பகுதியே சுழலும். ஃபில்டரும் சேர்ந்து சுழன்றுவிடும். எனவே முதலில் ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸ் சுவிட்சை எம்.எஃப்.-க்கு (மேனுவல் ஃபோகஸ்) தள்ளுங்கள். பிறகு முன்வளையத்தை இடது கைவிரல்களால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஃபில்டரை மட்டும் திருகுங்கள். கேமராவின் பின்திரையில் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, ஃபோகஸ் நகரவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘பொலரைசர் போட்டதும் படம் மங்கலாகிவிட்டது’ என்ற புகார்களில் பல இந்தச் சுழற்சியால் வருபவை. ஃபில்டர் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்), ட்ரைபாட் அதற்காகவும்தான்.

ஃபில்டரைக் கழற்றியே தீர வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இதை யாரும் சொல்லித்தருவதில்லை. காரின் முன்கண்ணாடி, நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. பக்கக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் பெரும்பாலும் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்த டெம்பர்ட் கண்ணாடி. அப்படிக் குளிர்வித்ததில் உள்ளே தங்கிவிட்ட இறுக்கம் வெறுங்கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. பொலரைசர் வழியே கரும்புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெரியும். ஹெட்லைட் மூடி பாலிகார்பனேட் என்பதால் அதில் வானவில் நிறம் கிளம்பும். ஃபெராரி எஃப்8 ட்ரிபியூட்டோவின் எஞ்சின் மேல்மூடியும் லெக்ஸான் எனும் பாலிகார்பனேட்தான், அங்கேயும் இதே கதை. மேகமில்லாத நீலவானத்தில், அதுவும் சூரியனுக்குக் குறுக்கான திசையிலிருந்து வரும் வெளிச்சம் ஏற்கெனவே பொலரைஸ் ஆனது, அதாவது பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்வது என்பதால் அங்கே இது மோசமாகும். ஃபில்டரில் கோளாறென்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள், காரிலும் குறையில்லை. முன்சொன்ன மூன்று படங்களோடு ஃபில்டர் இல்லாமல் நான்காவதாக ஒன்று எடுத்து, பின்கண்ணாடியையும் விளக்கையும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு என்றதும் இன்னொன்று: எல்.இ.டி. பகல் விளக்குகள் பலவும் நொடிக்குப் பலமுறை அணைந்து எரிபவை. 1/500 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தால் ஒரு பக்க விளக்கு செத்ததுபோல் வரும். 1/60-க்கு இறக்குங்கள். சிவப்பு, மஞ்சள் கார்களில் மொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) சரியாக இருந்தாலும் சிவப்புச் சேனல் மட்டும் அளவு மீறி வெடித்து, விவரம் இழந்திருக்கும், ஆர்.ஜி.பி. ஹிஸ்டோகிராமைப் பார்த்து எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை குறையுங்கள்.

இப்போது கடை. உங்கள் லென்ஸுக்கு 58 மில்லிமீட்டர் சர்குலர் பொலரைசர் வேண்டும். ஃபில்டர், பை, துடைக்கும் பேனா, யு.வி. கண்ணாடி எல்லாம் சேர்த்து ‘காம்போ’ என்று நீட்டுவார்கள், தொடாதீர்கள். கோட்டிங் இல்லாத மலிவு யு.வி. கண்ணாடி, எதிர்வெளிச்சத்தில் ஹெட்லைட்டின் பேயுருவத்தைப் படத்தில் இன்னோர் இடத்தில் கொண்டுவந்து வைக்கும். பொலரைசரைக் கடையிலேயே சோதியுங்கள். லேப்டாப் எல்.சி.டி. திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஃபில்டரின் லென்ஸில் பூட்டும் மரையுள்ள பக்கம் உங்கள் கண்ணைப் பார்க்கும்படி பிடித்துத் திருகுங்கள். ஒரு கோணத்தில் திரை கருக்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் அப்படிக் கருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் கருத்தால் அது லீனியர் எனும் வேறு வகை, உங்கள் கேமராவின் ஆட்டோ ஃபோகஸோடு ஒத்துப்போகாது. எந்தக் கோணத்திலும் கருக்காவிட்டால் வெறும் சாம்பல் கண்ணாடியை விற்கப் பார்க்கிறார். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். லென்ஸ் என்றால் பில்லில் சீரியல் எண் இருக்கட்டும்; ‘இம்போர்ட் பீஸ், விலை குறைவு’ என்றால் பழுதாகும் நாளில் வாரண்டி கிடையாது என்று பொருள்.

‘சூப்பர்கார் ஷூட்’ ஆட்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: கார் உரிமையாளர் எழுத்தில் சம்மதித்திருக்கிறாரா? பல இடங்களில் உரிமையாளருக்கே விஷயம் தெரியாது. சாலையோரம் இலவசமாக நிற்கும் காருக்கு இடைத்தரகர் டிக்கெட் போடுகிறார். சிலர் படங்களின் உரிமையையும் எழுதி வாங்கிவிடுகிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நீங்கள் எடுத்த படம் உங்களுடையது. ஆனால் ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அவருடையதாகிவிடும். ‘பெட்ரோல் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்’ என்று யாராவது நீட்டினால், வாங்குவதற்குமுன் இதை நினைவில் வையுங்கள்.

இந்தத் தரகர்கள் பிழைப்பதற்கு நிர்வாகமும் ஒரு காரணம். பொழுதுபோக்குக்காகப் படமெடுப்பவர் எங்கே, எப்படி எடுக்கலாம் என்று பலகையில் எழுதிவைக்க எவ்வளவு செலவாகும்? ட்ரைபாடைப் பார்த்தாலே சினிமா ஷூட்டிங் என்று விரட்டுகிறார்கள். யாரிடம் அனுமதி கேட்பதென்று விசாரித்தால் ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் காட்டுகிறது. ஹோட்டல் வாசல், மால் பார்க்கிங் எல்லாம் தனியார் இடம். அங்கே மேலாளரிடம் கேட்டுவிட்டே கேமராவை வெளியே எடுங்கள். மீடியனில் ஏறி நிற்பதும் ஓடும் காரைத் துரத்திப் படமெடுப்பதும் கூடவே கூடாது. வெளியிடும்போது நம்பர் பிளேட்டை மறையுங்கள், உரிமையாளர் வேண்டாம் என்று சொல்லாவிட்டாலும்.