வன்மம் யாரிடம்?

அன்புள்ள ஐயா,

தோட்டத்தைப் பங்கு பிரித்தபோது தண்ணீர் வரும் பக்கத்தைப் பெரியப்பா வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அப்பா அவரோடு பேசுவதில்லை. இப்போது பெரியப்பா பேத்திக்குக் காதுகுத்து. அவரே வந்து கூப்பிட்டும் அப்பா வரமாட்டேன் என்கிறார். "இவ்வளவு வன்மம் ஆகாதுப்பா" என்றேன். என்னோடும் பேச்சை நிறுத்திவிட்டார். வன்மம் என்றால் நெடுநாள் கோபம்தானே? அது தமிழ்ச் சொல்லா, வடசொல்லா?

— ஒரு வாசகி, பண்ணைக்காடு

அன்புள்ள தங்கைக்கு,

தமிழா வடசொல்லா என்பதை விடுங்கள். அது தெரிந்து அப்பா பேசிவிடப் போவதில்லை.

கொஞ்ச நாளாகவே இந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. கைப்பேசியைத் திறந்தால் ஆளாளுக்கு 'வன்மத்தைக் கக்காதே' என்கிறார்கள். கூலி பாக்கியைக் கேட்டால்கூட வன்மமாம். அடிபட்டவன் வாயை அடைக்க நல்ல வசதி. அதைத்தான் உங்களைப் பெற்ற அப்பன்மேல் வீசியிருக்கிறீர்கள். தப்பு, தங்கை.

எத்தனை வருஷம் பேசவில்லை என்பதா கணக்கு? எதிராளி கெட்டுப்போக வேண்டும் என்று கறுவிக்கொண்டு காத்திருப்பதுதான் வன்மம். உங்கள் அப்பாவுக்கு இருப்பது மனத்தாங்கல்.

பழனிக் கீழ்மலையில் மலைவாழை வைத்தவர்களுக்கு முடிக்கொத்து நோயை விளக்க வேண்டியதில்லை. என் அத்தைக்குச் சேர வேண்டிய பங்கை அவருடைய தம்பி கொடுக்கவில்லை. அந்த வீட்டுப் படியை அத்தை மிதித்ததே இல்லை. ஒருநாள் அத்தையின் தோட்டத்து ஓரத்தில் ஒரு வாழையில் இலைகள் சிறுத்து, விறைத்து, உச்சியில் கொத்தாக நின்றன. அசுவினிப் பூச்சி அந்த நோயைப் பக்கத்து வாழைக்கும் கொண்டுபோய்விடும். பக்கத்துத் தோட்டம் தம்பியுடையது. அத்தை அன்றைக்கே அந்த வாழையைக் கிழங்கோடு தோண்டி எடுத்தார். "உன் பக்கமும் பார்த்துக்கொள்" என்று தம்பிக்கு ஆள்விட்டுச் சொன்னார். அப்புறமும் அவனோடு பேசவில்லை. அந்த அத்தையைத்தான் ஊர் வன்மக்காரி என்றது! நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

பழனி அடிவாரத்துத் திருவாவினன்குடிக்கு வரும் முனிவர்களைத் திருமுருகாற்றுப்படை 'இகலொடு செற்றம் நீக்கிய மனத்தினர்' என்கிறது. செற்றம் என்றாலும் உள்ளே வளர்ந்த பகைதான். முனிவர்கள் அதை நீக்கினார்கள், சரி. ஆனால் தண்ணீரை இழந்தவரைப் பார்த்து 'நீயும் முனிவராகு' என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? அழைக்க வந்த பெரியப்பா தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாரா? உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லையே.

காதுகுத்துக்கு நீங்கள் போய் வாருங்கள், குழந்தை என்ன செய்தது? அதற்கு முன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, சொன்னது தப்பு என்று சொல்லுங்கள். போன இடத்தில், "பெரியப்பா, எங்கள் பக்கம் எப்போது தண்ணீர் விடுவீர்கள்?" என்று கேளுங்கள்.