பழைய காரின் கூரையைத் தாழ்த்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
பழங்காலக் காரின் கூரையை மூன்று அங்குலம் தாழ்த்தி, பக்கவாட்டுக் குரோம் பட்டைகளையும் அகற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம், ஆனால் அவசரம் கூடாது. 1930-களின் தொடக்கத்தில் வந்த கார்களில் கூரையைத் தாங்கும் தூண்கள் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பதால், அவற்றில் ஒரு துண்டை வெட்டியெடுத்துக் கூரையை இறக்கும்போது வெட்டிய முனைகள் ஓரளவு நேராகவே பொருந்திவிடும். தூண்கள் நன்கு சரிந்திருக்கும் பிற்காலக் கார்களிலோ, கூரை கீழிறங்கியதும் மேல்முனை கீழ்முனையை விட்டு விலகிவிடும் என்பதால், கூரையைக் குறுக்கே வெட்டித் தகடு சேர்த்து நீட்டவோ தூணைச் சாய்க்கவோ நேரும். வெட்டுவதற்கு முன் உட்புறம் இரும்புக் குழாய்களைக் குறுக்காகப் பற்றவைத்துவிடுங்கள். இல்லையேல் உடற்கூடு நெளிந்து கதவுகள் மூடாது. உயரம் குறைந்த சன்னல்களுக்கு ஏற்ப, தட்டையான அடுக்குக் கண்ணாடியை (இரு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) அளவுக்கு வெட்டலாம். வெப்பத்தால் பதப்படுத்திய கண்ணாடியை வெட்டினால் நொறுங்கிவிடும். பட்டைகள் இருந்த துளைகளை வெறும் பட்டி பூசி மறைத்தால், பின்னாலிருந்து ஈரம் ஏறிப் பெயின்ட் கொப்புளமாக எழும். சிறு தகடு வைத்துப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, ஒவ்வொரு புள்ளியும் ஆறிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.