அதே இருபது சவரன், ஐந்தாவது மறு அடகு

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறேன். வயது 48. மைத்துனர் கனடாவில் லீமிங்டன் பக்கம் இருக்கிறார். அவர் பேச்சைக் கேட்டு, 2021 பிப்ரவரியில் மனைவியின் 20 சவரனை வங்கியில் வைத்து 3 லட்சத்துக்கு மூன்று கஞ்சா வளர்ப்புக் கம்பெனிகளின் பங்குகளை வாங்கினேன். விலை இறங்கியதால் சராசரியைக் குறைக்க 2022-இல் ஒன்றரை லட்சம், 2023-இல் ஒரு லட்சம் போட்டேன். இன்று எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய்தான் காட்டுகிறது. வருஷா வருஷம் கைமாத்து வாங்கி நகையைத் திருப்பி, மறுநாளே வட்டியையும் சேர்த்து மறு அடகு வைக்கிறேன். இப்போது மைத்துனரும் நண்பர்களும் தக்காளி விளைந்த ஒரு பசுமைக்குடிலைக் கஞ்சா வளர்க்கக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். 4 லட்சம் போட்டால் எனக்கும் பங்கு உண்டாம். தங்கம் ஏறியிருப்பதால் அதே நகைக்கு வங்கியில் கிடைக்கும். போடலாமா? போன வருஷத்திலிருந்து மாதம் 8,000 மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபியும் போகிறது.

பதில்: எல்லாத் தொகையும் எழுதியவர், வங்கியில் கடன் இன்று எவ்வளவு நிற்கிறது என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள். நானே போட்டுப் பார்த்தேன். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 3 லட்சம் ஒரு வருஷத்தில் 3.3, அதோடு ஒன்றரை சேர்ந்து 4.8. அடுத்த வருஷம் 5.28, அதோடு ஒரு லட்சம், ஆக 6.28. அதற்குப் பிறகு நீங்கள் எதுவும் வாங்கவில்லை, ஆனாலும் 6.9, 7.6, இப்போது 8.36 லட்சம். பங்கில் போட்டது ஐந்தரை லட்சம்தான். மீதி கிட்டத்தட்ட மூன்று லட்சம் வெறும் வட்டி. இனி வருஷத்துக்கு 84,000, அதாவது மாதம் 7,000.

இது ஏன் உறைக்கவில்லை தெரியுமா? 2021-இல் கிராம் நாலாயிரத்து ஐந்நூறு வாக்கில் இருந்த தங்கம் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு மறு அடகின்போதும் வங்கி கூடுதலாகக் கொடுத்தது, வட்டி அதற்குள் மறைந்துபோனது. பெட்டியில் சும்மா கிடந்திருந்தாலே இரண்டு பங்கு ஆகியிருக்கும் பொருளை ஈடு வைத்து, கரைகிற பொருளை வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். இந்த மறு அடகுப் பழக்கம்தான் உங்கள் வியாதி. கஞ்சா இல்லாவிட்டால் வேறு ஏதாவது வந்திருக்கும். 2012 வாக்கில் ஈமு கோழிக்கு இதே மாதிரி நகை வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, கஞ்சா வளர்ப்புத் தொழிலைப் பார்ப்போம். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் அது சட்டப்படியான வியாபாரம். தேவை என்னவென்று தெரியும் முன்பே லட்சக்கணக்கான சதுர அடியில் கண்ணாடிக் கூரை போட்டார்கள். கனோபி குரோத் கம்பெனி பிரிட்டிஷ் கொலம்பியாவில் 30 லட்சம் சதுர அடிப் பசுமைக்குடில்களை 2020 மார்ச்சிலேயே மூடியது. சுமார் 500 பேருக்கு வேலை போனது. வரத்து கூடினால் தக்காளிக்கு என்ன ஆகும் என்று வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு வருபவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தக்காளிக்கு இல்லாத ஒரு சுமை இதற்கு உண்டு: கலால் வரி. கிராமுக்கு ஒரு கனடிய டாலர் அல்லது விலையில் 10 சதவீதம், எது அதிகமோ அது. பத்து டாலருக்கு விற்றால் வரி பத்தில் ஒரு பங்கு. நாலு டாலருக்கு இறங்கினாலும் அதே ஒரு டாலர், அதாவது கால் பங்கு. அப்புறம்தான் பனிக்காலத்தில் குடிலைச் சூடாக்கும் செலவு, விளக்கு, ஈரத்தை உறிஞ்சும் மெஷின்.

சராசரி செய்கிறேன் என்கிறீர்களே, நஷ்டத்தை அடைக்கப் புதுப் பங்குகளை வெளியிட்டு விற்பது இந்தத் துறையின் வழக்கம். நீங்கள் சேர்க்கச் சேர்க்க உங்கள் பாகம் சிறுத்துக்கொண்டே போகும். கனோபி 2023 டிசம்பரில் பத்துப் பங்கை ஒன்றாக்கியது. அரோரா என்ற இன்னொரு கஞ்சா கம்பெனி 2020-இல் பன்னிரண்டை ஒன்றாக்கி, 2024-இல் மறுபடி பத்தை ஒன்றாக்கியது. இப்படி எண்ணிக்கை குறைந்ததால் திரையில் ஒரு பங்கின் விலை கூடியதாகத் தெரிந்தால் அதை ஏற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குத்தகைக் குடிலுக்கு ஒரு பைசாவும் வேண்டாம். பெரிய கம்பெனிகளே மூடிவிட்டுப் போன தொழில் அது. உங்கள் பங்கைத் திருப்பி வாங்கவும் ஆள் கிடைக்காது. வெளிநாட்டு முதலீட்டுக்கு அனுப்ப வங்கி கடன் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதையும்விடப் பெரிது 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. வெளிநாட்டில் பெற்று வெளிநாட்டிலேயே இன்னொருவருக்குக் கொடுக்கும் போதைப் பொருள் வியாபாரத்தில் ஈடுபடவும் இங்கே அரசின் முன் அனுமதி கேட்கிறது அது. பங்குச் சந்தையில் நாலு பங்கு வாங்குவது வேறு, கூட்டாளியாகக் கையெழுத்துப் போடுவது வேறு. மைத்துனரிடம் தயக்கமாக இருந்தால் இந்தப் பிரிவைச் சொல்லியே தப்பித்துக்கொள்ளுங்கள். உறவும் கெடாது.

இனிக் கடன். மூன்று பங்குகளையும் விற்றுவிடுங்கள், 40,000 வரும். வீட்டம்மாவிடம் இந்த 8.36 லட்சக் கணக்கைக் காட்டி, அவர் சம்மதித்தால் 8 சவரனை விற்றுவிடுங்கள். கல், அழுக்கு கழித்தாலும் 6 லட்சத்துக்குக் குறையாது.  இந்தப் பங்குகளை வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்டியிருக்கிறீர்களா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

மிச்சம் சுமார் 2 லட்சம். எஸ்ஐபியை நிறுத்தி அந்த 8,000-ஐ மாதாமாதம் இதில் கட்டினால் 28 மாதத்தில் முடிந்துவிடும். பத்து சதவீத வட்டி நிச்சயமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, பன்னிரண்டு வரலாம் என்ற நம்பிக்கையில் ஃபண்டில் போடுவது எனக்குப் புரியாத கணக்கு. இதுவரை ஃபண்டில் சேர்ந்ததைத் தொட வேண்டாம், அவசரத்துக்கு இருக்கட்டும்.

பிப்ரவரிக்குக் காத்திருக்காமல், கடைசியாக ஒரே ஒரு கைமாத்து வாங்கி நகை முழுவதையும் மீட்டுவிடுங்கள். எட்டு சவரன் விற்பனைக்கு. 2 லட்சத்துக்கு ஐந்து சவரனை அடகு வைத்தாலே போதும். மீதி ஏழு சவரன் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடும்.