டிரைவர் கிடைக்கவில்லையா, நிற்கவில்லையா? கடலூர், புதுவை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சேதராப்பட்டில் இருந்து பெங்களூருக்கு லோடு அடிக்கிறோம். மூன்று பத்துவீல் லாரிகளில் ஒன்று எப்போதும் ஷெட்டில்தான் நிற்கிறது. நடைக்கு 300 ரூபாய் கூட்டிக் கொடுத்தும் டிரைவர் இரண்டு மாதத்தில் போய்விடுகிறார். நிஜமாகவே ஆள் பஞ்சமா? (லாரி உரிமையாளர், புதுச்சேரி)

பதில்: ஹெவி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள். கால் டாக்சி, மினி லாரி, பள்ளிப் பேருந்து என்று சாயங்காலம் வீடு திரும்புகிற வண்டிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். நடைக்கூலியைக் கூட்டியும் அவர்கள் திரும்பாததற்குக் காரணம், உங்கள் கூலி கிலோமீட்டருக்கு மட்டும் போய்ச் சேர்கிறது. கம்பெனி கேட்டில் காத்துக்கிடக்கும் நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, போய்வர நடைக்கூலி 2,500 ரூபாய், ஓட்டும் நேரம் 18 மணி என்று வைப்போம். ஏற்ற, இறக்க மொத்தம் 6 மணி நேரம் ஆனால் 24 மணிக்கு 2,500. மணிக்கு 104 ரூபாய். அதே நடையில் 30 மணி நேரம் காத்திருந்தால் 48 மணி ஆகிறது. மணிக்கு 52 ரூபாய். நீங்கள் கூட்டிய 300 ரூபாய் இந்த 52-ஐ 58 ஆக்கும், அவ்வளவுதான். ஊரில் சித்தாள் வேலைக்குப் போனால்கூட ராத்திரி சொந்தப் பாயில் படுக்கலாம் என்று ஒருவர் யோசிப்பதில் தப்பில்லை.

முதலில் வண்டியில் ஒரு சின்ன நோட்டு போடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் நான்கு நேரம் எழுதச் சொல்லுங்கள்: கேட்டுக்கு வந்தது, உள்ளே விட்டது, ஏற்றி அல்லது இறக்கி முடித்தது, பில் கையில் வந்தது. பத்து நடை எழுதினால் போதும், எந்தப் பார்ட்டியிடம் வண்டி மாட்டுகிறது என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் சரக்கு ஏற்ற ஆகும் நேரத்தைவிட, ஏற்றி முடித்தபின் பில்லுக்கும் இ-வே பில்லுக்கும் (சரக்கோடு போகவேண்டிய ஆன்லைன் ஜிஎஸ்டி சீட்டு) நிற்கும் நேரம் அதிகமாக இருக்கும். அந்தப் பார்ட்டியிடம் வாடகை பேசும்போதே, இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஹால்டிங் (வண்டி காத்து நிற்பதற்கான காசு) மணிக்கு இவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். வந்த ஹால்டிங் பணத்தில் பாதியாவது டிரைவருக்குப் போகவேண்டும். முழுவதையும் உரிமையாளரே வைத்துக்கொண்டால் நேரம் எழுதும் நோட்டு ஒரே வாரத்தில் காணாமல் போகும். சாப்பாட்டுப் பேட்டாவை நடைக்கு இவ்வளவு என்று வைக்காமல் நாளுக்கு இவ்வளவு என்று மாற்றுங்கள்.

ரிட்டர்ன் லோடுக்காக இரண்டு நாள் வண்டியை நிறுத்தி வைப்பதும் இதே நோய்தான். அந்த இரண்டு நாளில் இங்கிருந்து இன்னொரு நடை போயிருக்கலாமா என்று ஒருமுறை கூட்டிக் கழித்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கிளீனர் சீட் காலியாகிப் பல வருஷம் ஆகிறது. இந்தத் தொழிலுக்கு இருந்த ஒரே பள்ளிக்கூடம் அந்த சீட்தான். தார்ப்பாய் கட்டி, டயர் தட்டிப் பார்த்து, ரிவர்ஸ் சொல்லிப் பழகிய பையன்தான் பிறகு டிரைவர் ஆனான். கிளீனர் சம்பளத்தை மிச்சம் பிடித்த தொழில் இப்போது டிரைவரைத் தேடுகிறது. போதாக்குறைக்கு வண்டிகளும் பெருத்துவிட்டன. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது உங்கள் பத்துவீல் வண்டியின் மொத்த எடை 25 டன்னில் இருந்து 28.5 டன் ஆனது. சுமையோடு பொறுப்பும் கூடியது.

கேள்வி: என் மகனுக்கு 18 முடிந்துவிட்டது. பத்தாவது பாஸ். ஹெவி லைசென்ஸ் எடுத்து கவர்ன்மென்ட் பஸ்ஸில் சேரவேண்டும் என்கிறான். எத்தனை வருஷம் ஆகும்? (பண்ருட்டியில் இருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, குறுக்கு வழி கிடையாது, ஆனால் வழி தெளிவாக இருக்கிறது. இப்போது கார் லைசென்ஸுக்கு எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) போடட்டும். அது 6 மாதம் செல்லும்; 30 நாள் கழித்து டெஸ்ட் கொடுக்கலாம். கார் லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வருஷம் ஆனால்தான் ஹெவிக்கு எல்எல்ஆர் கிடைக்கும். அப்போதும் 20 வயது முடியாமல் சரக்கு வண்டியையோ பஸ்ஸையோ ஓட்டச் சட்டம் விடாது. ஹெவிக்குப் போகும்போது டிரைவிங் ஸ்கூலின் படிவம் 5 சான்றும், டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ-வும் வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்தில் சேர்ந்தால் ஹெவி வகுப்பு 6 வாரத்துக்குள் 38 மணி நேரம். ஸ்கூலில் பணம் கட்டுமுன், எத்தனை மணி நேரம் அவன் கையில் ஸ்டியரிங் இருக்கும் என்று கேளுங்கள். லாரியில் பத்துப் பேரை ஏற்றி, ஆளுக்கு ஒரு கிலோமீட்டர் கொடுத்துவிட்டு "கிளாஸ் முடிஞ்சது" என்பவர்களும் உண்டு.

புதுப் பையன்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். கிளட்ச் மேலேயே காலை வைத்திருப்பது ஒன்று. இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுவது அடுத்தது: வண்டியைப் பிடித்து வைக்க எஞ்சின் இல்லாமல் போய், பிரேக் டிரம் சூடேறி, கடைசியில் மிதித்தும் பிடிக்காது. மூன்றாவது, பிரேக்கை இயக்கும் ஏர் பிரஷர் (காற்றழுத்தம்) ஏறுமுன் வண்டியை நகர்த்துவது. காற்று போதாது என்று கத்தும் பஸ்ஸர் ஓயும்வரை பொறுக்கவேண்டும்.

அரசுப் பேருந்துக்கு வருவோம். 2025-ல் தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 3,274 ஓட்டுநர் உடன் நடத்துநர் இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டன. அதில் விழுப்புரம் கோட்டத்துக்கு 322. கடலூர் டிப்போ அந்தக் கோட்டத்தில்தான் வருகிறது. கேட்ட தகுதிகள்: 24 முதல் 40 வயது (பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினருக்கு 45 வரை), பத்தாம் வகுப்பு, ஹெவி லைசென்ஸோடு 18 மாத அனுபவம், கண்டக்டர் லைசென்ஸ், முதலுதவிச் சான்று, 160 செ.மீ. உயரம், 50 கிலோ எடை. ஒரே ஆள் டிரைவராகவும் கண்டக்டராகவும் இருக்கும்படி கேட்பதால் இரண்டு லைசென்ஸும் தேவை. பலர் கோட்டைவிட்டது கண்டக்டர் லைசென்ஸில்தான். அறிவிப்பு வந்தபின் ஓடினால் நடக்காது. 20-க்கும் 24-க்கும் நடுவில் உள்ள நாலு வருஷத்தில் அனுபவத்தையும் சேர்க்கலாம், இந்தக் காகிதங்களையும் சேர்க்கலாம். அனுபவச் சான்று தரும் முதலாளியிடமே வேலைக்குச் சேரச் சொல்லுங்கள்.

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஆசிட் டேங்கர் ஓட்டக் கூப்பிடுகிறார்கள். சாதா லோடு ஓட்டிய எனக்கு என்ன தனியாக வேண்டும்? (டிரைவர், குடிகாடு)

பதில்: லைசென்ஸில் அபாயகரமான சரக்குக்கான மேலெழுத்து (எண்டார்ஸ்மென்ட்) வேண்டும். முதல் தடவை 3 நாள் பயிற்சி. இந்த அனுமதி 3 வருஷம் செல்லும். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் ஒரு நாள் மறுபயிற்சி. ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரியவேண்டும் என்பது விதி. அது எதற்கென்றால், கேபினில் இருக்கவேண்டிய டிரெம் கார்டு ஆங்கிலத்தில் வந்தால் விபத்து நேரத்தில் நீங்கள்தான் படிக்கவேண்டும். அந்த அட்டையில் சரக்கின் பெயர், பட்டால் என்ன செய்வது, கசிந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது எல்லாம் இருக்கும். வண்டியை எடுக்குமுன் அட்டையில் உள்ள ஐ.நா. எண்ணும் (எந்த அபாயச் சரக்கு என்று காட்டும் எண்) டேங்கர் பலகையில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். கந்தக அமிலத்துக்கு 1830, ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு 1789. நேற்றைய லோடின் பலகையை மாற்றாமல் இன்றைக்கு வேறு சரக்கு ஏற்றுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. தீயணைப்பு வீரர் அந்தப் பலகையை நம்பித்தான் தண்ணீர் அடிப்பார்.

ஓட்டும் விதமும் மாறும். அடர் கந்தக அமிலம் லிட்டருக்கு 1.84 கிலோ. 10,000 லிட்டரே 18.4 டன். எடை வரம்பு எட்டும்போது டேங்கில் பாதி காலியாக இருக்கலாம். அந்தக் காலி இடத்தில் அமிலம் முன்னும் பின்னும் அலை அடிக்கும். பிரேக் போட்டு வண்டி நின்றபின் ஒரு தள்ளு வரும், அதுதான் சிக்னலில் முன்வண்டியை இடிக்க வைப்பது. உள்ளே தடுப்புத் தகடு இருந்தாலும் பக்கவாட்டு ஆட்டத்தை அது நிறுத்தாது. அதனால் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கவேண்டும். வளைவுக்குள் பிரேக் மிதிக்கக்கூடாது. இறக்குமிடத்தில் ஹோஸைக் கழற்றுமுன் வால்வு மூடியதை நீங்களே பாருங்கள். முகக்கவசம், கையுறை, ஏப்ரன் போடாமல் யார் அவசரப்படுத்தினாலும் இறங்காதீர்கள்.

கேள்வி: கார் லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்தில் மினி லாரி ஓட்டுகிறேன். போலீஸ் பிடித்தால், இன்ஷூரன்ஸ் கேட்டால் சிக்கலா? (கடலூர் முதுநகர்)

பதில்: வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் சிக்கல் இல்லை. 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை உறுதி செய்துவிட்டது. ஆர்.சி. புக்கில் காலி எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள், சரக்கோடு சேர்ந்த மொத்த எடையைப் பாருங்கள். பதினாலு அடி பாடி வண்டிகளில் சில இந்த வரம்பைத் தாண்டும்.

கேள்வி: கடலூர் – புதுச்சேரி தனியார் பஸ்ஸில் டிரைவர். காலை 5 மணிக்கு எடுத்தால் ராத்திரி ஒன்பதரை. ஒருநாள் விட்டு ஒருநாள் வேலை. இது சட்டப்படி சரியா?

பதில்: வாரக் கணக்கில் சரிபோலத் தெரியும், நாள் கணக்கில் சரியில்லை. 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. 5 மணி நேரத்துக்குள் அரைமணி ஓய்வு, வேலை தொடங்கியதில் இருந்து முடிவது வரை 12 மணிக்கு மேல் போகக்கூடாது, இரண்டு நாள் வேலைக்கு நடுவில் 9 மணி தொடர் ஓய்வு என்றும் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. நாளுக்கு 8 மணி, கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்பது அதிலும் உண்டு. நியமனக் கடிதமும் தரவேண்டும். ஆனால் பழைய சட்டம் 5 தொழிலாளர் இருந்தாலே பொருந்தியது. புதியது 10 பேரில் இருந்துதான். ஒரே ஒரு பஸ் வைத்திருக்கும் முதலாளிகளின் ஆட்களுக்கு இது நஷ்டம்.

வேலை நேரம் என்று எதைக் கணக்கிடுவது? ஓட்டும் நேரம், வண்டியை எடுத்து விடும் வேலை, கணக்கு ஒப்படைப்பது எல்லாம் சேரும். பஸ் ஸ்டாண்டில் அடுத்த சிங்கிளுக்கு (ஒருவழி நடைக்கு) நிற்பதில் 15 நிமிடத்துக்குக் குறைவானதே சேரும். 40 நிமிடம் நின்றால் அது வேலை இல்லை என்கிறது சட்டம்! காத்திருப்புக்கு மதிப்பில்லை என்ற பழக்கம் லாரி ஷெட்டோடு நிற்கவில்லை, சட்டப் புத்தகத்திலேயே ஏறியிருக்கிறது. அதனால் நீங்கள் பேசவேண்டியது மொத்த நேரத்தை வைத்து. ஆதாரம் தேடி அலையவேண்டாம்: உங்கள் பஸ்ஸின் பெர்மிட்டில் அனுமதிக்கப்பட்ட புறப்பாட்டு நேரங்கள் அச்சாகவே இருக்கின்றன. தகவல் உரிமைச் சட்டத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதன் நகலை வாங்குங்கள். முதல் சிங்கிள், கடைசி சிங்கிள் இரண்டும் அதிலேயே தெரியும். தொழிலாளர் துறைக்கு மனு கொடுக்கும்போது அதை இணையுங்கள்.

கேள்வி: மின்சார பஸ் வந்தால் டிரைவர் வேலை போய்விடுமா?

பதில்: வேலை போகாது, முதலாளி மாறுவார். சென்னையில் 2025 ஜூன் 30-ல் ஓடத் தொடங்கிய 120 மின்சாரப் பேருந்துகளில் கண்டக்டர் கழகத்தின் ஆள், டிரைவர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. இந்த முறை நம் பக்கம் வரும்போது சேருகிறவர்கள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் கையில் வந்ததா, சம்பளம் மாதத்துக்கா கிலோமீட்டருக்கா என்பதை முதல் நாளே கேட்டுவிடவேண்டும். வண்டி சார்ஜில் நிற்கும் நேரம் யார் கணக்கில் என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: பழைய லாரிக்கும் ஏசி கேபின் கட்டாயமா? (நெய்வேலி)

பதில்: இல்லை. 2025-ல் அமலுக்கு வந்த விதி, 3.5 டன்னுக்கு மேற்பட்ட, புதிதாகத் தயாராகும் சரக்கு வண்டிகளுக்குத்தான்.

கேள்வி: லைசென்ஸ் முடிந்து பத்து நாள் ஆகிறது. 30 நாள் வரை ஓட்டலாம்தானே? (டிரைவர், பாகூர்)

பதில்: ஓட்டக்கூடாது. அந்த 30 நாள் சலுகை 2019 திருத்தத்தில் போய்விட்டது. இந்தப் பத்து நாளில் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்ததை முதலாளியிடம் திருப்பிக் கேட்கும், முதலாளி உங்களைக் கேட்பார். போக்குவரத்து வாகன லைசென்ஸ் 5 வருஷம் செல்லும். முடிவதற்கு ஒரு வருஷம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஒரு வருஷம் தாண்டினால் மறுபடி டெஸ்ட். நாளைக்கே படிவம் 1ஏ வாங்கிப் பதிவு போடுங்கள், அதுவரை வண்டியை இன்னொருவர் எடுக்கட்டும்.

கேள்வி: கேட்டில் நின்றே இ-வே பில் நேரம் முடிந்துவிடுகிறது. அபராதம் யார் தலையில்? (லாரி டிரைவர், புதுச்சேரி)

பதில்: 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு, பில் போட்டதற்கு மறுநாள் நள்ளிரவில் முதல் நாள் முடியும். சேதராப்பட்டில் இருந்து பெங்களூர் 300 சொச்சம் என்பதால் இரண்டு நாள் கிடைக்கும். முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டிக்கலாம். நீட்டிக்க வேண்டியவர் டிரான்ஸ்போர்ட்காரர். இறக்குமிடத்து கேட்டில் வரிசை நீண்டால் உடனே வண்டி எண், இடம், நேரம் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து ஆபீஸுக்கு அனுப்பிவிடுங்கள். நீட்டிக்கவும் அதுவே காரணம், ஹால்டிங் கேட்கவும் அதுவே சாட்சி.