கப்பலில் வாங்கிய வாட்ச்: வழக்குக்கு முன் பில்லைப் பாருங்கள்

கேள்வி: மதுரையில் மொத்த மளிகை வியாபாரம் செய்கிறேன். 2025 மே மாதம், எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்காக மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பலில் போனோம். கடைசி ராத்திரி கப்பல் கடைக்காரர்கள் நடைபாதையில் மேசை போட்டு, ‘டூட்டி ஃப்ரீ, 40 சதவீதம் தள்ளுபடி’ என்று வாட்ச் விற்றார்கள். அளவான விலையில் ஒரு ஸ்விஸ் வாட்ச் கட்ட வேண்டும் என்பது என் பல வருட ஆசை. 920 சிங்கப்பூர் டாலருக்கு, நம் பணத்தில் சுமார் 62,000 ரூபாய்க்கு, ஓர் ஆட்டோமேட்டிக் வாட்ச் வாங்கினேன். கையில் கட்டிக்கொண்டால் சொந்த உபயோகம், வரி இல்லை என்றாள் கடைப் பெண். ஊருக்கு வந்து பார்த்தால் அதே மாடல் சென்னையில் 58,000. மூன்றாம் மாதத்திலிருந்து ராத்திரி கழற்றி வைத்தால் காலையில் நின்றிருக்கிறது. சர்வீஸ் சென்டரில், வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் இல்லை, 11,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். கப்பல் கம்பெனிக்கு 14 மெயில் போட்டேன். பத்து மாதம் கழித்து, கடையை நடத்தும் கம்பெனி, ‘வாட்சை சிங்கப்பூருக்கு அனுப்பினால் சரிசெய்து தருகிறோம், இல்லையென்றால் 180 டாலர் திருப்பித் தருகிறோம்’ என்கிறது. பிச்சை போடுவது மாதிரி இருக்கிறது. மச்சினர் முன்னால் அவமானமாகப் போய்விட்டது. கப்பல் கம்பெனி, டிக்கெட் போட்ட மதுரை ஏஜென்ட், வாட்ச் கம்பெனி, சர்வீஸ் சென்டர் ஆகிய நான்கு பேர் மீதும் 10 லட்சம் கேட்டு நுகர்வோர் வழக்குப் போட வேண்டும். (நாங்கள் நான்கு பேர், நான்கு பேருக்கும் டூட்டி ஃப்ரீ உண்டு என்பதால் ஏர்போர்ட்டில் எதுவும் காட்டவில்லை. அதில் ஒன்றும் பிரச்சினை இல்லையே?)

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டில் கப்பல் கம்பெனியின் பெயர் இருக்கிறது. ஒரே வரி, ஒரே மொத்தத் தொகை. கப்பலில் கொடுத்த சின்ன பில்லில் வேறொரு கம்பெனியின் பெயர் இருக்கிறது, அதுவும் அடியில் பொடி எழுத்தில். உங்கள் வழக்கே இந்த இரண்டு பெயருக்கும் நடுவில்தான் நிற்கிறது.

கப்பலில் காசு கைமாறுவதில்லை. அறைச் சாவியாக இருக்கும் அட்டையைக் காட்டிக் காட்டி வாங்குகிறோம். காபி, போட்டோ, வாட்ச் எல்லாம் ஒரே கணக்கில் ஏறி, கடைசி நாளில் கப்பல் கம்பெனி மொத்தமாக உங்கள் கார்டில் பிடித்துக்கொள்கிறது. அதனால் விற்றது கப்பல் கம்பெனி என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. விற்றது, கப்பலுக்குள் இடம் எடுத்துக் கடை நடத்தும் தனிக் கம்பெனி. பயண டிக்கெட்டோடு வந்த நிபந்தனைகளில், கப்பலில் உள்ள கடைகள் சுயேச்சையானவர்கள் நடத்துபவை, அவற்றுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு பத்தி இருக்கும். உங்கள் டிக்கெட்டிலும் இருக்கிறது, பார்த்தேன். அந்தப் பத்தியை எதிர்த்து வாதாட இடம் உண்டுதான். ஆனால் உங்களுக்குப் பணமோ பரிகாரமோ தர வேண்டியவர் யார் என்றால், பில்லில் பெயர் உள்ள அந்தக் கடைக் கம்பெனி. நீங்கள் எழுதிய நால்வர் பட்டியலில் அவர் மட்டும் இல்லை.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சென்னையில் 4,000 ரூபாய் குறைவாகக் கிடைப்பது சட்டப்படி குற்றமல்ல. விசாரிக்காமல் வாங்கியது உங்கள் கணக்கு. ‘40 சதவீதம் தள்ளுபடி’ எந்த விலையிலிருந்து என்று காட்ட உங்களிடம் ஒரு போட்டோகூட இல்லை. மச்சினர் முன் பட்ட அவமானத்துக்கு இழப்பீடு கேட்கலாம், நுகர்வோர் ஆணையம் சிரித்துக்கொண்டே ஐயாயிரமோ பத்தாயிரமோ எழுதும், அதுவும் மற்றதெல்லாம் நிரூபணமானால். மதுரை ஏஜென்ட் உங்களுக்கு விற்றது கப்பல் பயணம், வாட்ச் இல்லை. அவரை இழுத்தால் அவர் ஒரு வக்கீலை வைப்பார், முதல் ஆறு மாதம் அவரை வழக்கிலிருந்து நீக்கும் மனுவிலேயே போகும். சர்வீஸ் சென்டர் அட்டையைப் பார்த்துச் சொன்னது சரி: முத்திரையும் விற்ற தேதியும் இல்லாத அட்டை வெறும் தாள்.

இன்னொன்று. வாட்ச் பழுது என்பதற்கு உங்களிடம் என்ன அத்தாட்சி? சர்வீஸ் சென்டர் எழுதித் தந்த ஜாப் ஷீட்டைப் படித்தீர்களா? ‘கஸ்டமர் சொல்வது: நின்றுவிடுகிறது’ என்று இருக்கிறது. அது உங்கள் வார்த்தை, அவர்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஆட்டோமேட்டிக் வாட்சின் ஸ்பிரிங் கை அசைவில் தானே சுற்றிக்கொள்ளும். முழுதாகச் சுற்றியிருந்தால் கழற்றி வைத்த பிறகு ஒன்றரை நாளாவது ஓட வேண்டும். ஆனால் கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர் கையில் அது பாதிதான் சுற்றியிருக்கும். வாட்சின் பக்கவாட்டில் உள்ள திருகுக் குமிழைக் கையால் முப்பது நாற்பது சுற்றுச் சுற்றிவிட்டு, கழற்றி வைத்து, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். (என் கையில் இருப்பது அப்பாவின் எச்எம்டி ஜனதா. தினம் காலையில் சாவி கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்தால் நான் யாருக்கும் மெயில் அனுப்புவதில்லை.) அப்படியும் ராத்திரியே நின்றால் அது பழுது, அதை அவர்கள் கையால் எழுதி வாங்குங்கள். எழுத்தில் இல்லையென்றால், ஆணையம் வாட்சைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும், அந்தச் செலவை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

இனி, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் எழுதிய கடைசி வரி. முழுக் கடிதத்திலும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான்.

நான்கு பேருக்கு நான்கு மடங்கு என்பது ஏர்போர்ட் வரிசையில் காலம் காலமாகச் சொல்லப்படும் கணக்கு. தப்பு. நீங்கள் வந்து இறங்கிய 2025 மே மாதத்தில் நடப்பில் இருந்த 2016-ஆம் ஆண்டு பேக்கேஜ் விதிகளின்படி, சிங்கப்பூரிலிருந்து வரும் ஒருவருக்கு 50,000 ரூபாய் வரை விலக்கு. ஒருவருடைய விலக்கை இன்னொருவருடையதோடு சேர்க்கக் கூடாது என்று அதே விதியில் எழுதியிருக்கிறது. மனைவியின் 50,000 மனைவியின் பொருளுக்கு. வாட்ச் ஒரே பொருள், உங்கள் கையில் இருந்தது, உங்கள் பெயரில் பில். வரம்பு பின்னால் கூடியிருந்தாலும் இறங்கிய நாளின் வரம்புதான் கணக்கு. ‘டூட்டி ஃப்ரீ’ என்று கடையில் தொங்கிய பலகை, அந்தக் கடைக்காரர் வரி கட்டவில்லை என்பதற்கு. நம் ஊருக்குள் கொண்டுவர நீங்கள் கட்ட வேண்டியதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

தொகை எவ்வளவு? 62,000-இல் 50,000 போக மிச்சம் 12,000. அதற்கு 38.5 சதவீதம் சுங்க வரி, 4,620 ரூபாய். சென்ட்டும் சாக்லெட்டும் உங்கள் பங்கில் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம். வரி கட்ட வேண்டியவர்கள் போகும் ரெட் சேனலில் போய்ப் பத்து நிமிடத்தில் கட்டியிருக்கலாம். கையில் கட்டிக்கொண்டால் சொந்த உபயோகம், வரி இல்லை என்று கடைப் பெண் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த விதிகள் வரி விலக்குத் தருவது உபயோகித்த சொந்தப் பொருட்களுக்கு. ஊர் திரும்புவதற்கு முந்தின ராத்திரி பில் போட்ட வாட்ச் அதில் சேரும் என்று வாதாடலாம். 4,620 ரூபாய்க்காக அந்த வாதத்தை உயர் நீதிமன்றம் வரை தூக்கிப் போகிற ஆள் நீங்கள் இல்லை.

இதற்காக நாளைக்கே சுங்கத் துறை உங்கள் கடை வாசலில் வந்து நிற்காது. ஆனால் நீங்களாகவே அவர்களுக்குத் தாள் தயாரித்துக் கொடுக்கப் போகிறீர்கள், அதைத்தான் சொல்ல வருகிறேன். வழக்குப் போட்டால் முதல் ஆவணம் அந்த பில். அதில் தேதி, தொகை, உங்கள் பெயர், அறை எண் எல்லாம் இருக்கின்றன. அடுத்து, பிரமாணப் பத்திரத்தில், இந்த வாட்சை இன்ன விலைக்கு இன்ன நாளில் வெளிநாட்டில் வாங்கி வந்தேன் என்று நீங்களே சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ‘பொருள் சட்டப்படி நாட்டுக்குள் வந்ததற்கான ஆவணத்தை மனுதாரர் தாக்கல் செய்யட்டும்’ என்று பதிலுரையில் ஒரு பத்தி.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு கட்சிக்காரர் வெளிநாட்டில் வாங்கிய கேமராவுக்காக என்னிடம் வந்தார். உண்மையிலேயே பழுதான கேமரா, நல்ல வழக்கு. பதிலுரையின் ஒன்பதாவது பத்தியில் இந்தக் கேள்வி வந்தது. குறுக்கு விசாரணைக்கு முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன் செய்து, ‘சார், வாபஸ் வாங்கிடலாம்’ என்றார். வாபஸ் வாங்கினோம். கேமராவும் போயிற்று, என் ஃபீஸும் போயிற்று. வரி கட்டாத பொருளுக்கு நுகர்வோர் வழக்கே நிற்காது என்று சட்டத்தில் இல்லை. ஆனால் கூண்டில் நிற்கிற ஆளின் குரல் நடுங்கினால், அவர் சொல்லும் உண்மையும் சேர்ந்து நடுங்கும்.

அதிலும் உங்கள் பொருள் வாட்ச். 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் பிரிவு 123 என்று ஒன்று உண்டு. கடத்தல் பொருள் என்று நியாயமாக நம்பிக் கைப்பற்றினால், கடத்தல் இல்லை என்று நிரூபிக்கும் பாரம், பொருள் யாரிடம் இருந்ததோ அவர் தலையில் விழும். எல்லாப் பொருளுக்கும் அப்படி இல்லை. அந்தப் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுவது தங்கத்தையும் தங்கத்தில் செய்தவற்றையும், அப்புறம் வாட்சுகளையும். பர்மா பஜாரில் ஃபாரின் வாட்ச் பேரம் பேசிய தலைமுறைக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. காலம் மாறிவிட்டது, பிரிவில் அந்த வார்த்தை மாறவில்லை. 62,000 ரூபாய் வாட்சுக்கு அதை எடுத்து வீசுவார்களா என்றால், மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதற்காக அந்தக் கதவை உங்கள் கையாலேயே திறந்து வைப்பானேன்?

இதே காரணத்துக்காக வாட்சை சிங்கப்பூருக்கு அனுப்பும் யோசனையையும் ஒதுக்குங்கள். பழுது பார்க்க அனுப்புகிற பொருள் என்று போகும்போதே சுங்கத்தில் முறையாகப் பதிவு செய்தால் திரும்பி வரும்போது வரிச் சலுகை உண்டு. பதிவு செய்யப் போனால், இது எப்படி உள்ளே வந்தது என்பதுதான் முதல் கேள்வி. பதிவு இல்லாமல் கூரியரில் போட்டால், திரும்பி வரும்போது புதுப் பொருளாக மதிப்புப் போட்டு வரி கேட்பார்கள். ‘கிஃப்ட்’ என்று எழுதி அனுப்பச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒரு தப்போடு நிற்கட்டும்.

சரி, வழக்கே போட முடியாதா? போடலாம். மதுரையில் குடியிருப்பதால் மதுரை ஆணையத்திலேயே போடலாம், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த வசதியைத் தந்திருக்கிறது. ‘நடுக்கடலில் நடந்தது, கப்பலில் பஹாமாஸ் கொடி, நம் சட்டம் செல்லாது’ என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். ஜெயிப்பது ஒரு விஷயம், வசூல் இன்னொரு விஷயம். கடைக் கம்பெனிக்கு இந்தியாவில் ஆபீஸ் இல்லை, சொத்தும் இல்லை. நோட்டீஸை அவர்கள் கையில் சேர்க்கவே மாதக்கணக்கில் ஆகும். அந்தக் கம்பெனி ஆஜராகாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கினீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவீர்கள்?

அதனால் சமரசமாகப் போங்கள். ஆனால் 180 டாலரை முதலில் கேட்காதீர்கள். முதலில் கேட்க வேண்டியது முத்திரை.

உங்கள் அட்டையில் அச்சாகியிருக்கும் நிபந்தனைப்படி வாரண்டி விற்ற தேதியிலிருந்து 24 மாதம், எந்த நாட்டு சர்வீஸ் சென்டரிலும் செல்லும். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரின் முத்திரை, தேதி, வாட்சின் வரிசை எண் இந்த மூன்றும் இருந்தால் போதும். கடைக் கம்பெனியிடம் இரண்டு வரி மெயில் போடுங்கள்: விற்ற அன்று அட்டையை நிரப்பாதது உங்கள் தவறு, இந்த வரிசை எண்ணுக்கு இந்தத் தேதியிட்ட, முத்திரையிட்ட அட்டையை அனுப்புங்கள். அவர்களுக்கு இதில் ஒரு டாலர் செலவில்லை. அட்டை வந்தால் 11,500 ரூபாய் வேலை இங்கேயே இலவசமாக நடக்கும், வாட்ச் நாட்டை விட்டுப் போக வேண்டியதில்லை, யாரும் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. தர மறுத்தால் அவர்கள் அங்கீகாரம் பெற்ற கடைதானா என்ற சந்தேகம் வரும். அப்போது 180 டாலர் என்பதை அவர்களே உயர்த்துவார்கள். 300 வரை கேளுங்கள், 250-க்கு இறங்குங்கள். அதில் சர்வீஸ் செலவு போகக் கொஞ்சம் மிஞ்சும்.

கையெழுத்துக்கு ஒரு படிவம் அனுப்புவார்கள். ‘எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன’ என்று இருக்கும், இருக்கட்டும். ‘பொருள் நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்றோ, வாட்ச் கம்பெனி மீதான வாரண்டி உரிமையையும் விட்டுக்கொடுப்பதாகவோ ஒரு வரி இருந்தால், அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பணம் கப்பல் கம்பெனி வழியாக அடுத்த பயணத்துக்கான கூப்பனாக வரும் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கார்டிலேயே வரவு வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு தேதியை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள். வாரண்டியும் நுகர்வோர் வழக்குக்கான இரண்டு வருடக் காலவரம்பும் உங்களுக்கு 2027 மே மாதத்தை ஒட்டியே முடிகின்றன. பழுது பின்னால்தான் தெரிந்தது என்று காலவரம்பை மூன்று மாதம் தள்ளிப் பேசலாம், அதை நம்பி இருக்க வேண்டாம். நீங்கள் போட்ட 14 மெயிலும் இனி போடப்போகும் மெயில்களும் ஒரு நாளைக்கூட நீட்டித் தராது. கார்டு வங்கியில் மறுப்புத் தெரிவிக்க ஏறக்குறைய 120 நாள்தான் வழக்கம். அது எப்போதோ போய்விட்டது. பதினைந்தாவது மெயிலை இந்த வாரமே போடுங்கள். கப்பல் கம்பெனிக்கு வேண்டாம், பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த முகவரிக்கு.